கோல நோட்டும் படப்புத்தகமும்

வேலூரை நடுவாகக் கொண்டு மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரையிலும் கிழக்கே மேல்விஷாரம், இராணிப்பேட்டை வரையிலும் பாலாற்றை ஒட்டி நீண்டு, பேரணாம்பட்டையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் தோல் வட்டாரம், 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடந்தாலும், தொழிலால் இன்னும் ஒரே வட்டாரமாகவே இயங்குகிறது. இங்குக் காலணித் தொழில் ஆலைச் சுவருக்குள் அடங்கிவிடுவதில்லை. சோலுக்கு மேலே பாதத்தை மூடும் தோற்பகுதியை 'அப்பர்' என்பார்கள். அதில் கையால் போட வேண்டிய தையலின் ஒரு பகுதி வீடுகளில், பெண்களால், ஜோடிக்கு இவ்வளவு என்ற துண்டுக்கூலிக்குப் போடப்படுகிறது. வீட்டிலிருந்து தைக்கும் இப்பெண்களின் கூலியையும் வேலைநிலையையும் பற்றித் தொழிலாளர் நல அமைப்புகள் 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அவ்வறிக்கையின் பொருள் கூலி; இக்கட்டுரையின் பொருள் அதே வாசற்படியில், தைக்கும் தாயின் பக்கத்தில், ஒரு படப்புத்தகமும் பாதி தேய்ந்த பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும் குழந்தை. அக்குழந்தை புத்தகத்தைப் பார்த்து வரையக் கற்கும்போது உண்மையில் எதைக் கற்கிறது, பெற்றோர் அதில் எந்த அளவுக்குக் கைகொடுக்கலாம் என்பதே கேள்வி.

இக்கேள்வி வீட்டின் தலையில் விழுவதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் மாணவர் எண்ணிக்கை நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குத்தான், கலைக்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவரை வைக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இந்த ஏற்பாட்டின்கீழ் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கெல்லாம் சேர்த்து 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் குழந்தைக்கு ஓவிய ஆசிரியர் என்றொருவர் வேண்டும் என்று அவ்வட்டவணை கருதவில்லை. ஆனால் குழந்தையின் வரைமொழி உருவாகும் காலம் ஏறத்தாழ ஐந்துக்கும் பத்துக்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகள்தாம். அந்த இடைவெளியை நிரப்புவது, பெரும்பாலும், எழுதுபொருள் கடையில் கயிற்றில் தொங்கும் படப்புத்தகம்: இடப்பக்கம் வண்ணமிட்ட மயில், வலப்பக்கம் அதே மயிலின் வெற்றுக்கோடு, அல்லது நான்கு கட்டங்களில் படிப்படியாக யானையாகும் ஒரு வட்டம்.

அத்தகைய புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுக்கலாமா என்பதில் கடந்த நூற்றாண்டின் கலைக்கல்வி இரண்டாகப் பிளந்து நின்றது. வியன்னாவில் 1897-இல் சிறுவர் ஓவிய வகுப்பொன்றைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக், குழந்தைக்கு மாதிரி எதையும் காட்டாமல், அதன் உள்ளிருந்து வருவதை வரவிட வேண்டும் என்றார். அவ்வழியில் வந்தவரும், ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவருமான விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-இல் வெளியிட்ட பெருநூலில் வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கடுமையாகச் சாடினார். தானாகப் பறவை வரைந்துகொண்டிருந்த குழந்தை, பயிற்சிப் புத்தகத்துப் பறவைக்கு வண்ணம் தீட்டிய பின்பு, தன் பறவையை மறந்து அச்சுப் பறவையையே திரும்பத் திரும்ப வரையத் தொடங்குகிறது என்று படங்களைக்கொண்டு காட்டினார். எதிர்த்தரப்பில் பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1977-இல் எழுதிய கட்டுரையில், இளையோர் வரைந்தவற்றின் ஊற்றுக்கண்ணைத் தேடிப்போனால் ஏறக்குறைய ஒவ்வொன்றும் இன்னொரு படத்தில்தான், அதாவது சித்திரக்கதையிலோ தொலைக்காட்சியிலோ அண்ணன் வரைந்ததிலோ, போய் முடிகிறது என்று காட்டி, மாதிரியே இல்லாத தூய குழந்தைக் கலை என்பதைக் கேள்விக்குள்ளாக்கினர். மொழியைப் பிறர் பேசக் கேட்டே பேசக் கற்கும் குழந்தை, படமொழியை மட்டும் யாரையும் பாராமல் கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது விந்தையானது என்ற அளவில் வில்சன் தரப்பே வலுவானது. அதற்காக லோவன்ஃபெல்ட் காட்டிய பறவை பொய்யாகிவிடாது. எந்த வீட்டிலும் அதைப் பார்க்கலாம். இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, பக்கத்தில் ஓட்டு வீடு என்று தமிழ்நாட்டுக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக வரையும் 'இயற்கைக் காட்சி' அப்பறவையின் உடன்பிறப்பு. ஏலகிரி மலையைச் சன்னல் வழியாகப் பார்க்கும் வாணியம்பாடிப் பக்கத்துக் குழந்தைகூட மலையென்றால் இரண்டு முக்கோணம் வரைகிறது.

நகலெடுத்தல் பயிலுநரைக் கொன்றுவிடும் என்போருக்கு மறுப்பாக நிற்கும் மிகப் பெரிய சான்று வின்சென்ட் வான் கோ. அவர் குழந்தையல்லர், அப்போது வயது 27. ஆயினும் ஆசிரியரின்றி, தங்கியிருந்த அறையில், புத்தகத்தைப் பார்த்தே அடிப்படையைக் கற்றவர். 1880-இல் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்க வட்டாரமாகிய போரினாழில் இருந்தபோது, சார்ல் பார்க் தயாரித்த கரிக்கோல் பயிற்சித் தாள்கள் அறுபதையும் ஒன்று விடாமல் நகலெடுத்தார். அந்தப் பயிற்சிக்கு வாழ்நாளில் மீண்டும் திரும்பியும் வந்தார். பார்க்கின் முறையில் முதலில் உருவத்தைச் சுற்றிச் சில நேர்கோடுகளால் ஒரு கூடு போட்டுக்கொண்டு, பிறகு அதனுள் வளைகோட்டைத் தேட வேண்டும். இங்கே கவனிக்கத்தக்கது, அதே காலத்தில் அவர் தாளோடு நிற்காமல் வேலைக்குப் போகும் சுரங்கத் தொழிலாளரையும் வரைந்துகொண்டிருந்தார் என்பதே. பாரிஸில் 1886-இல் அவர் தீட்டிய ஒரு ஜோடிப் பழைய ஷூக்கள், தத்துவ அறிஞர்கள் சண்டையிடும் அளவுக்குப் புகழ்பெற்றன. அந்த ஷூக்கள் எந்தப் பயிற்சித் தாளிலும் இருந்தவையல்ல.

சென்னை மாகாணத்திற்கு நகலெடுப்பு வேறு வழியாக வந்தது. அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்னும் மருத்துவர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி அரசின் கைக்கு மாறி வளர்ந்த காலத்தில், பிரிட்டிஷ் இந்தியக் கலைப்பள்ளிகளின் மேல் இலண்டன் தென் கென்சிங்டன் பாடமுறையின் நிழல் விழுந்திருந்தது. ஓவியம் கற்பதை 23 படிகளாக வகுத்து, தட்டையான மாதிரியின் புறக்கோட்டைப் பிழையின்றிப் பெயர்ப்பதைத் தொடக்கப் படிகளில் வைத்த அம்முறையின் நோக்கம், கலைஞரை உருவாக்குவதைவிடத் தொழிற்சாலைக்குத் தேவையான துல்லியக் கையை உருவாக்குவதாகவே இருந்தது. அதன் சொற்கள் இன்னும் சாகவில்லை. ஓவிய ஆசிரியராக விரும்புவோர் எழுதும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில், கருவி இல்லாமல் கையால் புறக்கோடு வரைவதைக் குறிக்கும் 'ஃப்ரீஹேண்ட்', முன்னே வைத்த பொருளைப் பார்த்து வரைவதைக் குறிக்கும் 'மாடல் டிராயிங்' என்னும் பெயர்கள் கீழ்நிலை, மேல்நிலை என்ற படிகளோடு நீடிக்கின்றன. எழுதுபொருள் கடைப் படப்புத்தகம் அந்தப் பாடமுறையின் மலிவான பேரக்குழந்தை எனலாம். தாத்தாவிடம் இருந்த கண்டிப்பு அதற்கு இல்லை. மாடல் டிராயிங் என்னும் மறுபாதியும் இல்லை.

ஆனால் புத்தகத்தைப் பார்த்து வரையக் கற்பதற்கு இந்த வட்டாரத்து வீடுகளில் இன்னொரு மரபு, பள்ளிக்கும் ஆங்கிலேயருக்கும் கடன்படாத மரபு, ஏற்கெனவே இருக்கிறது. அது கோல நோட்டு. மார்கழி மாதத்து இதழ் இணைப்பிலோ, பேருந்து நிலையத்தில் வாங்கிய சிறு புத்தகத்திலோ, எதிர்வீட்டு வாசலிலோ கண்ட கோலத்தை ஒரு பெண் தன் நோட்டில் பெயர்த்துக்கொள்கிறாள். விடியற்காலையில் வாசல் தெளித்த பின்பு அந்த நோட்டை அவள் பெரும்பாலும் வெளியே கொண்டுவருவதில்லை. அவள் மனத்தில் ஏற்றிக்கொண்டது படத்தை அன்று, அதன் எண்ணிக்கையை: 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை. ஊடுபுள்ளி என்பது ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அடுத்த வரிசையின் புள்ளி விழுமாறு வைப்பது. புள்ளிக்கு நேரே புள்ளி விழுந்தால் நேர்ப்புள்ளி. இந்த ஒற்றை வரிக் குறிப்பும், கோடு புள்ளியைச் சேர்க்கிறதா அல்லது சிக்குக் கோலத்தைப்போலப் புள்ளியைச் சுற்றி வளைகிறதா என்ற தெளிவும் இருந்தால், கோலம் முழுவதையும் மீண்டும் கட்டிவிடலாம். வாசல் குறுகலாக இருந்தால் அவளே புள்ளியைக் குறைக்கிறாள். ஒரு மூலையில் கோடு பிசகினால் அங்கே ஒரு பூவை வைத்துச் சமாளிக்கிறாள். கோலத்துக்குள் இவ்வாறு இலக்கணம் இருக்கிறது என்பதைக் கணினியியல் முறையில் காட்டியவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியோரும். சிறுசிறு அடிப்படை வடிவங்களிலிருந்தும் சில விதிகளிலிருந்தும் கோலங்களைப் பிறப்பிக்கலாம் என்னும் அவர்களது ஆய்வு 1974-இல் வெளிவந்தது.

கோல நோட்டின் வழி நகலெடுப்புக்கு எதிரானது அன்று. நகலெடுப்பைப் பாதி வழியில் நிறுத்திவிடாதது. பார்த்தல், எண்ணுதல், மூடுதல், இடத்துக்கேற்ப இடுதல் என்று அது நான்கு செயல்களாக விரிகிறது. கடைப் படப்புத்தகமோ முதற்செயலோடு குழந்தையை விட்டுவிடுகிறது. வலப்பக்கத்து வெற்றிடம் இடப்பக்கத்துக்கு மிக அருகில் இருப்பதால், குழந்தையின் கண் ஒவ்வொரு அங்குலத்துக்கும் தாவித் தாவிப் பெயர்க்கிறதே தவிர, மயிலின் கழுத்துக்கும் தோகைக்கும் என்ன விகிதம் என்பதை ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ள வேண்டிய தேவை எழுவதில்லை. இதற்கு மாற்று மிகவும் எளியது. குழந்தை படத்தைச் சற்று நேரம் பார்க்கட்டும். தலை எத்தனை முறை வைத்தால் உடலாகும், எந்தக் கோடு எங்கே முட்டுகிறது என்பதைத் தாயோ பாட்டியோ அதனிடம் கேட்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வேறொரு தாளில், வேறோர் அளவில், குழந்தை வரையட்டும். முதல் மயில் கோழியைப்போல வரும். இரண்டாம் முறை புத்தகத்தைத் திறக்கையில் குழந்தை பார்க்கும் பார்வை முதல் முறையைவிடக் கூர்மையாக இருக்கும்; ஏனெனில் எதைத் தேட வேண்டும் என்பது இப்போது அதற்குத் தெரியும்.

புள்ளியை அளவாகக் கொள்ளும் இன்னொரு மரபும் இந்த வட்டாரத்தில் பக்கத்துத் தெருவிலேயே வாழ்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில் குழந்தைகள் தமிழெழுத்தை இடமிருந்து வலமாகவும், அரபு, உருது எழுத்துகளை வலமிருந்து இடமாகவும் எழுதக் கற்கிறார்கள். அரபு எழுத்துக்கலையில், நாணற்பேனாவின் முனையை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். அலிஃப் எத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்தின் வளைவு எத்தனை புள்ளி அகலம் என்று விகிதம் வகுக்கும் முறையைப் பத்தாம் நூற்றாண்டுப் பாக்தாதைச் சேர்ந்த இப்னு முக்லாவின் பெயரோடு இணைத்துச் சொல்வார்கள். சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து 1927 முதல் வெளிவந்த 'முசல்மான்' உருது நாளிதழ், அச்செழுத்துக் காலத்திலும் கையெழுத்துக் கலைஞர்களாலேயே பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதைத் தவிர்க்கும் குடும்பங்களில் யானைப் படப்புத்தகத்துக்குப் பதிலாக மருதாணி வடிவப் புத்தகம் இருக்கும். கொடி, இலை, மாங்காய், வலைக்கட்டம் ஆகியவற்றைக் கூம்பால் ஒரே இழுப்பில் இடப் பழகும் பெண்குழந்தையின் கை, பென்சிலை அழித்து அழித்து வரையும் கையைவிடக் கோட்டைத் துணிந்து இழுக்கக் கற்றுவிடுகிறது. ஓவியம் என்றால் உருவம் மட்டுமே என்று நினைக்கும் பெற்றோர்தாம் இதை ஓவியக் கல்வியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இதுவரை சொன்னது கோட்டைப் பற்றியது. பொருளைப் பற்றிய சிக்கல் வேறு, இன்னும் ஆழமானது. பிரெஞ்சு அறிஞர் ழார்ழ்-ஆன்ரி லூக்கே 1927-இல் வெளியிட்ட குழந்தை ஓவியம் பற்றிய நூலில், ஏறத்தாழ எட்டு வயது வரை குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்றார். இதற்கு அவர் அறிவுசார் மெய்ம்மை என்னும் பொருள்படப் பெயரிட்டார். வயிற்றுக்குள் இருக்கும் குட்டியும் தெரியும் பூனை, சுவரைத் தாண்டி உள்ளே இருப்பவர்கள் தெரியும் வீடு ஆகியவை இவ்வகை. நார்மன் ஃப்ரீமன், ஜானிகூன் என்னும் இருவர் 1972-இல் இதை எளிய சோதனையால் உறுதிசெய்தனர். கைப்பிடி பின்புறம் மறையவும், பக்கத்தில் ஒட்டிய பூ முன்னே தெரியவும் ஒரு கோப்பையை ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளின் முன்னே வைத்து வரையச் சொன்னபோது, சிறியவர்கள் தெரியாத கைப்பிடியை வரைந்து, தெரிந்த பூவை விட்டுவிட்டார்கள். எட்டு வயது அளவில் இது தலைகீழானது. குளியலறையில் இருக்கும் பிளாஸ்டிக் மக்கைக் கொண்டு எந்த வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். கைப்பிடியில்லாத மக் குழந்தைக்கு மக்கே அன்று. பூ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

லூக்கே குறித்த இன்னொரு பழக்கம், பொருளைப் பிரித்து மடக்கி வைப்பது. மேசையை வரையும் குழந்தை மேற்பலகையை நீள்சதுரமாகப் போட்டு, நான்கு கால்களையும் நான்கு பக்கமும் படுத்திருப்பதாக இழுத்துவிடும். குளத்தை மேலிருந்து பார்த்ததுபோல் வரைந்து, கரை மரங்களை நாற்புறமும் சாய்த்துவிடும். படப்புத்தகத்தின் கணக்கில் இது பிழை. ஏனெனில் அந்தப் புத்தகம் அறிந்தது ஓரிடத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்கும் காட்சி ஒன்றைத்தான். ஆனால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஏறத்தாழ 3,350 ஆண்டுப் பழமையுள்ள நெபமூன் கல்லறை ஓவியத்தில் எகிப்தியக் கலைஞர் தோட்டத்துக் குளத்தை இப்படித்தான் விரித்து வைத்திருக்கிறார்.

தோல் வட்டாரத்துப் பெற்றோருக்கு எகிப்துவரை போகத் தேவையில்லை. ஆலையின் பேட்டர்ன் மேசைவரை போனால் போதும். ஷூ வடிவமைப்பு தொடங்கும் இடம் தாள் அன்று, 'லாஸ்ட்' என்று அழைக்கப்படும், பாதத்தின் வடிவில் செய்த அச்சுக்கட்டை. அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி ஒட்டி, முன்னும் பின்னும் நடுக்கோடு போட்டு, ஷூவின் விளிம்பும் தையலும் வர வேண்டிய கோடுகளை அந்த வளைந்த பரப்பின் மேலேயே வரைகிறார்கள். பிறகு நாடாவை நடுக்கோட்டின் வழியே வெட்டி உரித்து, உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் தனித்தனியே அட்டையில் தட்டையாக ஒட்டி, இரண்டுக்கும் இடையே ஒரு சராசரி வடிவத்தைப் பெறுகிறார்கள். வளைந்த பரப்பு தட்டையாக மறுக்கும். விளிம்பில் சுருங்கும், ஓரிடத்தில் கிழிந்து விரியும். உலக உருண்டையை வரைபடமாக்குவோர் படும் அதே பாட்டை ஆம்பூர்ப் பேட்டர்ன் கலைஞரும் பாதத்தின் வளைவில் படுகிறார். அந்த வடிவத்திலிருந்து முன்பகுதியான 'வாம்ப்', பின்பக்கவாட்டான 'குவார்ட்டர்', நாக்கு என்று துண்டுகள் பிரிகின்றன. வெட்டிய துண்டுகள் மீண்டும் தையலில் சேர்ந்து பாதமாக எழுகின்றன. வீட்டுக்கு வரும் கைத்தையலில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும்: நீளமான விளிம்பைக் குட்டையான விளிம்போடு துளைக்குத் துளை சேர்த்து நூலை இழுக்க இழுக்க, தட்டையாகக் கிடந்த தோல் சுருக்கம் கொண்டு கிண்ணம்போல் குழிகிறது.

ஆகவே ஆறு வயதுக் குழந்தை ஷூவை வரையும்போது, மேற்புறத்துக் கயிற்றுத் துளைகளையும் கீழ்ப்புறத்துச் சோல் கோடுகளையும் இரண்டு பக்கவாட்டையும் ஒரே தாளில் பரப்பி வைத்தால், அது காணத் தவறிய குழந்தையின் பிழை அன்று. தன் தந்தையோ அத்தையோ சம்பளத்துக்குச் செய்யும் வேலையை அது கற்பிக்கப்படாமலே செய்திருக்கிறது. இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல என்பது உண்மை. பேட்டர்ன் கலைஞர் அளந்து விரிக்கிறார், குழந்தை தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடும் அவசரத்தில் விரிக்கிறது. எனினும் "இப்படியா ஷூ இருக்கும்?" என்று கேட்டு அழிப்பானை நீட்டுவதற்கு முன்பு, அந்த விரிப்பை வெட்டி மடக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கும் வாய்ப்பு இந்த வட்டாரத்து வீட்டுக்கு மற்ற ஊர்களைவிட அதிகம். வீட்டில் கிடக்கும் ஷூப்பெட்டியே அதற்குப் பாடநூல். ஒட்டிய மூலைகளைப் பிரித்துத் தரையில் பரப்பினால் பெட்டி ஒரு சிலுவைபோலக் கிடக்கும். குழந்தை அதன் ஓரத்தை வரைந்துகொள்ளும். மீண்டும் மடக்கி, ஒரு மூலை தன்னைப் பார்க்க வைத்து வரையும். தெரிந்ததை வரைவதற்கும் தெரிவதை வரைவதற்கும் உள்ள வேறுபாட்டை, சொல்லால் விளக்க முடியாத வயதில், அந்த இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து விளக்கும். பெட்டிக்குள் ஷூவைச் சுற்றி வரும் மெல்லிய தாள், படத்தின்மேல் வைத்துக் கோட்டை ஒற்றியெடுக்கவும் உதவும். ஒற்றியெடுப்பதை ஏமாற்று என்று கருத வேண்டியதில்லை. ஆனால் அதுவும் பார்த்தலுக்கான வழியே, முடிவு அன்று. பெட்டியும் தாளும் நல்லவை. ரப்பர் சொல்யூஷன் டப்பாவும் குரோம் தோல் துண்டும் குழந்தையின் வரைமேசைக்கு ஏற்றவையல்ல என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம்.

படிப்படியாக வரையக் கற்பிக்கும் நூல்களைப் பொறுத்தவரை, அவற்றுள் நல்லவை கெட்டவை என்ற வேறுபாடு உண்டு. அமெரிக்கரான எட் எம்பர்லி 1970-இல் வெளியிட்ட விலங்கு வரைநூல், வட்டம், முக்கோணம், சில எழுத்துகள் ஆகியவற்றை மட்டும் கொண்டு விலங்குகளைக் கட்டிக் காட்டியது. 2 என்ற எண்ணை வாத்தாக்கும் நம் வீட்டு விளையாட்டின் விரிவு அது. அதே நாட்டு மோனா புரூக்ஸ் 1986-இல் எழுதிய நூல், குழந்தைகளோடு சேர்ந்து வீட்டில் வரைய விரும்பும் பெற்றோரையும் முன்வைத்தது; அவர் உருவங்களையெல்லாம் புள்ளி, வட்டம், நேர்கோடு, வளைகோடு, கோணக்கோடு என்னும் ஐந்து கூறுகளாகப் பிரித்துப் பார்க்கப் பழக்கினார். தமிழெழுத்தைக் கற்ற குழந்தைக்கு இந்த ஐந்தும் புதியனவல்ல: ட நேர்கோடும் கோணமும் மட்டுமே, 'அ' சுழியில் தொடங்கி வளைந்து நேர்கோட்டில் இறங்குவது, ஆய்த எழுத்து மூன்று புள்ளி. எழுத்தை எழுதத் தெரிந்த கைக்கு வரையத் தெரியாது என்று சொல்வது பொருந்தாது என்பதே இத்தகைய நூல்களின் பயனுள்ள செய்தி. யானை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே விடையைப் பக்கம் பக்கமாகத் தரும் நூலைவிட, வடிவங்களைக் கட்டும் விதியைத் தரும் நூல் மேலானது. அதையும்விட மேலானது ஒரே பொருளுக்குப் பல விடைகளைத் தருவது. சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட, மீனை எட்டு விதமாக வரைவது பற்றிய சிறு நூல், இந்திய நாட்டார் ஓவிய மரபுகள் பலவற்றில் மீன் எப்படியெல்லாம் உருக்கொள்கிறது என்று காட்டி, பக்கத்திலேயே குழந்தைக்கும் இடம் விட்டிருக்கிறது. எட்டும் மீன்தான் என்று காணும் குழந்தை ஒன்பதாவதைத் தானாக முயலத் தயங்காது.

எந்த வயதில் எந்தப் புத்தகம் என்பதில் பெற்றோர் காட்டும் அவசரம் தேவையற்றது. கிறுக்கும் பருவத்தில் புத்தகமே வேண்டாம். ஏறத்தாழ பத்து இலட்சம் குழந்தை ஓவியங்களைத் திரட்டி ஆராய்ந்த ரோடா கெல்லாக் 1969-இல் வெளியிட்ட நூல், கிறுக்கல்களிலேயே 20 அடிப்படைக் கோட்டுவகைகளைப் பிரித்துக் காட்டி, அவற்றிலிருந்தே வட்டமும் குறுக்குக்கோடும் சூரியனும் மனித உருவமும் படிப்படியாக வளர்வதை விளக்கியது. அந்த வளர்ச்சிக்குப் பலகையும் சாக்கட்டியும் ஈரமணலும் போதும். ஐந்திலிருந்து எட்டு வரை, கதைப்புத்தகத்துப் படங்களைப் பார்த்துப் பேசுவது வரைநூலைவிடப் பயன் தரும். எட்டு, ஒன்பதை ஒட்டித்தான் குழந்தை தன் படத்தைப் பார்த்து "இது மாதிரியே இல்ல" என்று தாளைக் கசக்கத் தொடங்குகிறது. பலர் வாழ்நாள் முழுக்க வரைவதை நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். வரைநூல் உண்மையாகவே தேவைப்படுவதும் இந்த இடத்தில்தான். அதற்கு முன்பே கொடுத்த புத்தகம் இல்லாத கேள்விக்கு விடையாகிறது. இப்போது கொடுப்பது கேட்ட கேள்விக்கு விடை.

இந்த வயதில் பார்க்கத் தகுந்த நூல்களில், ஆனந்த விகடனில் வெளிவந்து பின்னர் நூல்வடிவமும் பெற்ற 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகச் சில்பி வரைந்த கோயிற் சிற்பங்களைச் சேர்க்கலாம். அவர் கோயிலுக்குச் சென்று சிலையின் முன்னே இருந்து வரைந்தவர் ஆதலால், அவர் கோட்டைப் பின்தொடரும் குழந்தை ஒருவர் பார்த்த விதத்தையே பின்தொடர்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகளும் குதிரை வீரர்களும் அந்த வட்டாரக் குழந்தைக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருக்கின்றன. முதலில் புத்தகத்தில் யாளியை வரைந்துவிட்டுப் பிறகு தூணின் முன்னே நிற்கும் குழந்தை, புத்தகத்தில் தெரியாத பக்கத்தைப் பார்க்கச் சுற்றி வரும்.

பெற்றோரின் பங்கு இவ்வளவுக்குப் பிறகு மிகச் சிறியதாகவே எஞ்சுகிறது. தைத்துக்கொண்டிருக்கும் கைக்கு ஓய்வில்லை. ஆயினும் வாய்க்கு உண்டு. "என்னது இது?" என்ற கேள்வி குழந்தையைக் குற்றவாளியாக்குகிறது, "ரொம்ப அழகு" என்ற பாராட்டு பேச்சை முடித்துவைக்கிறது. "இந்தக் கோடு எங்கிருந்து வருது?" என்பதும், "இதுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்பதும் குழந்தையைத் தாளை நோக்கித் திருப்புகின்றன. படத்தின் பின்புறத்தில் தேதியைக் குறித்து ஷூப்பெட்டியொன்றில் போட்டுவைப்பது ஓவியம் தெரியாத பெற்றோரும் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே மக்கை, அதே பக்கம் கைப்பிடியை மறைத்து, குழந்தையின் முன்னே வைத்து வரையச் சொல்லி அந்தத் தாளையும் பெட்டியில் சேர்க்கலாம். கைப்பிடி தாளின் ஓரத்தில் பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கும் படங்கள் சில இருக்கும். பிறகு கைப்பிடி பாதி அழிக்கப்பட்ட தாள் ஒன்று வரும். அதற்கடுத்த தாளில் கைப்பிடி இராது, மக்கின் பக்கத்தில் இத்தனை நாளும் ஒட்டியிருந்த பூ முதன்முறையாக இருக்கும்.